தலையணைக்கு அடியில் இரும்பு

தம்பி குணா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது அப்பாவுக்கு என்ன ஆச்சோ என்றுதான் நீ முதலில் பயப்படுவாய். எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழங்கால் வலி வழக்கம்போலத்தான். அலோர் காஜாவில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் பத்து பெரண்டாமில் உன் அறை வாசலில் வந்து நின்றுவிடலாம். தெருமுனைப் போனிலிருந்து உன் பேஜருக்கு நம்பர் அனுப்பினால் நீயே கூப்பிட்டுவிடுவாய். அப்படியும் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்று அர்த்தம். ஆறாவது வரை படித்தவன் எழுதுகிற கடிதம், பிழை இருக்கும். ஏற்கெனவே நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது கடைசித் தாள்கட்டு, இதையும் கிழித்தால் கடைக்குப் போக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை மலாக்கா டவுனில் கட்டில் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். கடை முதலாளி தவுக்கே நல்ல மனுஷன். கல்யாண மாப்பிள்ளை என்று தெரிந்ததும் தலைமாட்டில் பூ வேலை செய்த பெரிய கட்டிலைத் தட்டித் தட்டிக் காட்டினார். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது வேணாம். சிங்கிள் கட்டில், ரெண்டு" என்றாய். அவர் உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பெங்கந்தின் பாரு?" என்று கேட்டார். புது மாப்பிள்ளைதானே என்று கேட்கிறார், உனக்கும் புரிந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு, "ஷிப்ட் வேலைப்பா. அவ தூக்கம் கெட்டுப்போவும்" என்று என்னிடம் சொன்னாய். "சரிப்பா, உன் இஷ்டம்" என்றேன். அது ஷிப்டுக்காக வாங்கிய கட்டில் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லாரியில் ஏற்றினோம். கல்யாணத்துக்கென்று நீ வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டில் கொண்டுபோய் இறக்கி, அறையில் ஆளுக்கு ஒரு சுவர் என்று ஒதுக்கிப் போட்டோம். நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற அளவு இடைவெளி. பிளாஸ்டிக்கைக்கூட நீ பிரிக்கவில்லை.

அப்புறம் என்னோடு வீட்டுக்கு வந்து சாப்பிட்டாய். நண்டுக் குழம்பு வைத்திருந்தேன், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாய். சாப்பிட்டுவிட்டு அறையில் படுக்கப் போனாய். பையிலிருந்து அந்தச் சிறிய பொட்டலத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். இருபத்தாறு வயது ஆம்பிளை, உன் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். கண் அயர்கிற நேரத்தில் உன் உடம்பு தூக்கிப்போட்டது. கால் ஒரு உதை உதைத்தது. நீ விழிக்கவில்லை. ஆனால் உன் கை மட்டும் தானாகத் தலையணைக்கு அடியில் போய் அந்தப் பொட்டலத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. தூக்கத்திலேயே பிடித்தாய் தம்பி. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்கட்டில் போய்த் தட்டைக் கழுவுவதுபோல நின்று அழுதேன்.

உன் சித்தப்பா ராமுவைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவன் பேரை வீட்டில் எடுக்கவே விடமாட்டேன். என்னைவிட ஆறு வயது இளையவன், நான் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு வலிப்பு இருந்தது. ரப்பர் தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே வரிசையில் நின்றபடி விழுந்திருக்கிறான். கண் மேலே செருகிவிடும், வாயில் நுரை வரும், நாக்கைக் கடித்துக்கொள்வான், தெளிந்து எழுந்த பிறகும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பான். தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கையில் இரும்பைக் கொடுப்பது. சாவிக்கொத்தோ, மரம் சீவுகிற உளியோ, எது கிடைக்கிறதோ அதைக் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொள்வோம். வலிப்பு தானாக அடங்கும். இரும்புதான் அடக்கியது என்று நினைத்துக்கொள்வோம். பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் மத்தியானம் ஆற்றுக்குக் குளிக்கப் போனான். எப்போதும் துணைக்குப் போகிறவன் நான். அன்று வேலை முடிந்து வந்த அலுப்பில் தூங்கிவிட்டேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். நான் ஓடிப்போய்த் தூக்கும்போது அவன் கை விரிந்து கிடந்தது. இரும்பு இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

அப்புறம் கல்யாணம், நீ பிறந்தாய். உனக்கு ஒன்பது வயது இருக்கும். விடியுமுன் எழுந்து மரம் சீவப் போகிறவர்கள் நாங்கள், மத்தியானம் சாப்பிட்டதும் லயத்தில் எல்லா வீட்டிலும் பாய் விரித்துவிடுவார்கள். நீ எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்திருந்தாய். கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்தில் விசுக்கென்று உன் கால் உதைத்தது, உடம்பு முழுக்க ஒரு குலுங்கு குலுங்கியது. விழித்துக்கொண்டு, "மரத்துலேருந்து விழுந்துட்டேன்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாய். நான் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். எனக்கு உன் கால் தெரியவில்லை, ராமுவின் கால்தான் தெரிந்தது. அம்மா, "புள்ள ஆடிட்டு அலுத்துப் படுத்திருக்கான். எனக்குந்தான் இப்படி வரும், படியில கால் தவறுன மாதிரி. இதுக்குப் போயி முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். "நீ வாய மூடு. ராமுவை நீ பாத்தியா?" என்று கத்தினேன். அவள் பார்த்ததில்லைதான். வாயை மூடிக்கொண்டாள். அவள் சொன்னது அத்தனையும் சரி என்று தெரிந்தபோது அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அவள் இல்லை.

தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கிற டிரெசரிடம் ஒருமுறை காட்டலாம் என்று மட்டும் அவள் கெஞ்சினாள். நான் விடவில்லை. டிரெசர் தன் புத்தகத்தில் எழுதினால் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணிக்குத் தெரியும், கிராணிக்குத் தெரிந்தால் மறுநாள் கிணற்றடியில் எல்லாருக்கும் தெரியும். வலிப்புக்கார வீடு என்று ராமு காலத்தில் நாங்கள் பட்டதே போதும் என்றேன். நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்காக அன்றைக்கே கவலைப்பட்டேன். அதனால் நானே வைத்தியன் ஆகிவிட்டேன். என் பழைய உளியின் பிடியைக் கழற்றி, முனையைக் கல்லில் உரைத்து மழுக்கினேன். அம்மா தன் நீலக் கட்டம் போட்ட கைலியில் ஒரு துண்டைக் கிழித்து அதைச் சுற்றித் தைத்தாள். அழுதுகொண்டேதான் தைத்தாள். உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, உனக்கு இழுப்பு இருக்கு. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. படுக்கும்போது இது தலமாட்டுல இருக்கணும்" என்றேன். நீ அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாய். "செத்துப்போயிருவனாப்பா?" என்று கேட்டாய். "இது இருந்தா ஒண்ணும் ஆவாது" என்றேன். அப்படியென்றால் இது இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்றுதானே ஒரு பிள்ளை புரிந்துகொள்ளும்? இத்தனை வயதுக்கு அப்புறம்தான் எனக்கு அது உறைக்கிறது.

அதற்குப் பிறகு உன் சின்ன வயசை நான்தான் வேலி கட்டி அடைத்தேன். மரம் ஏறாதே, ஆற்றுப் பக்கம் போகாதே, அத்தை வீட்டில் போய்த் தங்காதே, சாரணர் முகாமுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனபோது நானும் லீவு போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் கூட்டாளிகள் தண்ணீரில் விழுந்து புரண்டார்கள். நீ அவர்களுடைய செருப்புகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தாய். ஒரு பையன், "வாடா குணா, தண்ணி கணுக்கால்தாண்டா" என்று கூப்பிட்டான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ரோட்டோரக் கடையில் வாழைப்பழம் பொரித்த பீசாங் கோரெங் வாங்கிக் கொடுத்து அதைச் சரிக்கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியது பயத்தில் செய்தது. இனி எழுதப்போவது அப்படி இல்லை. இதைத்தான் நான் இத்தனை வருடமும் மறைத்தேன்.

அம்மா போன மறு வருடம் தோட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு பேக்டரியில் காவல் வேலைக்குச் சேர்ந்தேன். நீ ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். எனக்கு இரவு வேலை, பகலில் தூக்கம். பழக்கமில்லாத தூக்கம், கடுங்காப்பி குடித்துக் குடித்து விழித்திருந்த உடம்பு. படுத்துக் கண்ணை மூடினால் மேட்டிலிருந்து கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுவதுபோல இருக்கும், உடம்பு தூக்கிப்போடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூன்றாவது நாள் எனக்கு உறுதியாகிவிட்டது, ராமுவுக்கு வந்தது கடைசியில் எனக்கும் வந்துவிட்டது என்று. காவல் வேலை போய்விடுமே என்ற பயத்தில், என்னைத் தெரிந்தவர்கள் யாரும் வராத ஒரு கிளினிக்காகப் பார்த்து டவுனுக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா, நம்மவர். நாக்கைக் கடித்துக்கொள்கிறேனா, படுக்கை நனைகிறதா, நினைவு தப்புகிறதா, பகலில் நடமாடும்போது வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றேன். உடம்பையும் சோதித்துப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "இது வலிப்பு இல்ல அங்கிள். தூக்கம் வர்ற நேரத்துல உடம்பு ஒரு துள்ளு துள்ளும், எல்லாருக்கும் வர்றதுதான் லா. நைட் டூட்டி முடிஞ்சு படுத்தா எனக்கே வரும். அலுப்பு, காப்பி, கவலை, இதெல்லாம் இருந்தா கூட வரும். காப்பிய கொறச்சுக்குங்க" என்றார்.

எழுந்து கதவு வரை போனவன் திரும்பி வந்து கேட்டேன். "சின்னப் பிள்ளைங்களுக்கும் வருமா டாக்டர்?" "தாராளமா வரும்." "அது பின்னால வலிப்பா மாறுமா?" "இந்தத் துள்ளல் வலிப்பா மாறாது. ஏன், வீட்ல யாருக்காவது இருக்கா?" என் மகனுக்கு என்றேன். எத்தனை வருடமாக என்று கேட்டார், சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "பையனக் கூட்டிட்டு வாங்க அங்கிள். நானே பாத்துட்டு அவர்கிட்ட சொல்றேன். பாவம், அவரும் பயந்துகிட்டுத்தானே படுத்திருப்பாரு" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். மூன்று பஸ்ஸை விட்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி, எனக்கோ வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அன்று சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

பரீட்சை முடிந்தது, முடிவும் வந்தது, ஜொகூரில் தொழில்நுட்பப் பயிற்சிக்கு உனக்கு இடமும் கிடைத்தது. மூன்று வருடம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் நின்று, "போவட்டாப்பா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அம்மா இல்லாத அடுப்படி. நீயும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன் என்று தோன்றியது. "ஆஸ்டல்ல பத்துப் பேரு ஒண்ணா படுப்பாங்க. ராத்திரி இழுப்பு வந்தா யாருப்பா உன்னைப் பாத்துக்குவா?" என்று கேட்டேன். உனக்கு இழுப்பு இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிப்பா" என்றாய். அடுத்த மாதம் பேக்டரியில் ஆப்பரேட்டராகச் சேர்ந்தாய். நீ என்னைவிட்டுப் போகவில்லை. அதற்காக எல்லாரும் உன்னை நல்ல பிள்ளை என்றார்கள், நானும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டு வருடம் ஆகிறது. இந்த எட்டு வருடமும் நான் முட்டாளாக இருக்கவில்லை, பொய்யனாக இருந்தேன். உன் சூப்பர்வைசர் உன்னைப் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பக் கேட்டபோது நீ வேண்டாம் என்று சொன்னாய், நான் ஏன் என்று கேட்கவில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து வீடு எடுக்காமல் தனி அறை பிடித்தாய், நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் என்னிடம்தான் வந்து நிற்கும். பயந்து பயந்து படுத்தால் அந்தத் துள்ளல் இன்னும் கூடும் என்று டாக்டரம்மா சொன்னார். அப்படிப் பார்த்தால் உனக்கு இல்லாத நோயை நான் கொடுத்து, இருக்கிற துள்ளலையும் நானே கூட்டியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு உண்மையிலேயே வலிப்பு இருந்திருந்தாலும் நான் செய்தது தப்புதான். ராமுவை ஒருநாளும் நாங்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. மாத்திரை கொடுத்திருந்தால் அவன் இன்று உனக்கு நலங்கு வைக்க முன்னால் நின்றிருப்பான். நாங்கள் இரும்பைக் கொடுத்துவிட்டு ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்தோம். வெட்கப்படுகிற வியாதி என்று ஒன்றும் இல்லை தம்பி. நாளைக்கு உனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது என்றால், உன்னைப் போலத் தலையைக் குனிந்துகொள்ளாமல், என்னைப் போல மூடி மறைக்காமல், அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

நம் வீட்டுக்கு வரப்போகிற கலைச்செல்வியைப் பற்றி ஒரு விஷயம், உனக்குத் தெரியாது. கல்யாணப் புடவை எடுத்துவிட்டு எல்லாரும் வேனில் கோலா சுங்கை பாருவுக்கு, அவள் வீட்டுக்குத் திரும்பினோமே, நீ பின்னால் சாமான்களோடு உட்கார்ந்திருந்தாய். அவள் எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள். அலைந்த அலுப்பில் கண் அசந்தவள், திடுக்கென்று துள்ளிக் கண்ணாடியில் தலையை இடித்துக்கொண்டாள். தலையைத் தேய்த்துக்கொண்டு, "கெணத்துல விழுந்துட்டேன் மாமா" என்று சிரித்தாள். இரண்டு நிமிடத்தில் மறுபடி தூங்கிவிட்டாள். அவளுக்கு யாரும் இரும்பு தைத்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் உனக்கும் அவளுக்கும் வித்தியாசம். அந்தப் பெண்ணைத்தான் அடுத்த சுவரோரம் படுக்க வைக்கப் போகிறாய். தன்னைப் பிடிக்காமல்தான் தள்ளிப் படுக்கிறான் என்று அவள் நினைப்பாள். உனக்கு வாயில் வராது, அவளுக்குக் கேட்கத் தெரியாது. உன் அம்மாவை வாயை மூடச் சொல்லி நான் வாழ்ந்த வாழ்க்கை உனக்கு வேண்டாம்.

நான் சொல்வதை நீ நம்ப வேண்டாம். எட்டு வருடம் பொய் சொன்னவன் பேச்சை எப்படி நம்புவாய்? நீயே ஒரு டாக்டரிடம் போய்க் கேள், கலைச்செல்வியையும் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடு. மாமனாரின் யோக்கியதை அவளுக்கும் தெரியட்டும். நலங்கு வைத்ததும் எலுமிச்சம்பழம் குத்திய கத்தியை உன் கையில் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொள், எல்லா மாப்பிள்ளைக்கும் கொடுப்பதுதான், தாலி கட்டியதும் திருப்பி வாங்கிவிடுவார்கள். நான் கொடுத்ததை யாரும் திருப்பி வாங்கவில்லை. அதை நானே வாங்கிக்கொள்கிறேன். அம்மா தைத்த துணி மட்டும் உனக்கு வேண்டுமென்றால் பிரித்து வைத்துக்கொள், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

உனக்குக் கோபம் வரும். வர வேண்டும். ஜொகூர் கடிதத்தை நீ இன்னும் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், உன் பெட்டியில் துணிக்கு அடியில் பார்த்திருக்கிறேன். அதை இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருந்தால் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். கல்யாணத்தில் என்னைக் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். ஆனால் ஒரு காரியம் மட்டும் பாக்கி இருக்கிறது. பிளாஸ்டிக் பிரிக்காத கட்டிலை மாற்றிக்கொடுக்கிறேன் என்று தவுக்கே சொல்லியிருக்கிறார், நேற்றே போய்க் கேட்டுவிட்டேன். அந்தப் பூ வேலைக் கட்டில் இன்னும் விற்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை லாரிக்குச் சொல்லியிருக்கிறேன், ஒன்பது மணிக்கு அந்த வாடகை வீட்டு வாசலில் நிற்பேன். நீ என் முகத்தைப் பார்க்க வேண்டாம். ஆனால் கட்டிலை ஒரு ஆளால் தூக்க முடியாது. மறுபக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன்.

அப்பா